தேரி மணலில் புதையாத ரோவர்: மோட்டாரை மாற்றும் முன் மண்ணைப் பாருங்கள்

பணகுடியிலிருந்து எழுதிய தம்பிக்கு,

மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக் கடைசி வருட புராஜெக்ட்டுக்கு நான்கு சக்கர ரோவர், அதாவது நிலவிலும் செவ்வாயிலும் ஓடுகிற ஆய்வு வண்டியின் மாதிரி, செய்தீர்கள். பி.ஓ. மோட்டார் என்கிற மஞ்சள் நிறச் சின்ன கியர் மோட்டார் நான்கு, அதோடு சேர்த்து விற்கிற ரப்பர் சக்கரம் நான்கு. வகுப்பறைத் தரையில் ஜோராக ஓடிய வண்டி, திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் காட்டில் இறக்கியதும் இரண்டு அடி போவதற்குள் வயிறு தட்டி நின்றுவிட்டது. "அண்ணாச்சி, இன்னும் பவரான மோட்டார் போட்டால் போகுமா? நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, அங்கே என்றால் இதே வண்டி போயிருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்குமே பதில்: போகாது. ஏன் என்பதில்தான் ரோவரின் இயற்பியல் முழுக்க இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சக்கரத்தின் அடியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். வண்டி 1.6 கிலோ என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சக்கரத்தின் மேல் 0.4 கிலோ. அந்த 0.4 கிலோவை மணல் எவ்வளவு விசையோடு முன்னே தள்ளிவிடும் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. உலர்ந்த மணலைக் கையில் அள்ளித் தரையில் கொட்டினால் ஒரு கூம்பாக நிற்கிறது இல்லையா, அந்தக் கூம்பின் சரிவு ஏறக்குறைய 32 பாகை இருக்கும். மணல் தாங்கும் உரசலும் கிட்டத்தட்ட அந்தக் கோணத்தின் டான் மதிப்புதான், அதாவது 0.62. ஆக ஒரு சக்கரத்துக்கு மணல் தரக்கூடிய அதிகபட்சத் தள்ளுவிசை 0.4 பெருக்கல் 0.62, சுமார் 0.25 கிலோ எடைக்குச் சமம். உங்கள் சக்கரத்தின் ஆரம் 3.25 செ.மீ. பெருக்கிப் பாருங்கள், 0.8 கிலோ-செ.மீ. வரும். இதுதான் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் வலு. அதற்கு மேல் எவ்வளவு டார்க் கொடுத்தாலும் வண்டியை நகர்த்த அது உதவாது. சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும், சுற்றினால் அடியில் இருக்கிற மணலைப் பின்னால் வாரி எறியும், வாரிய பள்ளத்தில் தானே இறங்கும். மோட்டாரைப் பெரிதாக்கினால் இன்னும் வேகமாகப் புதையும், அவ்வளவுதான்.

இது கண்ணால் பார்க்க வேண்டிய காட்சி. எங்கள் பிள்ளைகளோடு முதன்முதலில் செய்த வண்டியை இட்டமொழி தாண்டித் தேரியில் விட்டபோது நான் மண்டியிட்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வரிவரியாகப் போட்டிருந்த மணல் மேல் சக்கரம் ஏறியது. முதல் சுற்றில் ஒரு சுவடு தெளிவாகப் பதிந்தது. இரண்டாம் சுற்றில் சுவட்டின் விளிம்பு பொலபொலவென்று சரிந்தது. மூன்றாம் சுற்றில் சக்கரத்தின் பின்னாலிருந்து செம்மணல், மரக்காலைக் கவிழ்த்த மாதிரி ஒரே சீராக வழிந்துகொண்டே இருந்தது, வண்டியோ ஒரு விரல்கடை கூட முன்னே போகவில்லை. மேலே வெளுத்த சிவப்பு மணல் போய், உள்ளே ஈரம் பிடித்த கருஞ்சிவப்பு மணல் தெரிய ஆரம்பித்தபோது வயிறு தரையைத் தொட்டுவிட்டது.

செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட்டுக்கும் இதுதான் நடந்தது. 2004 ஜனவரியில் இறங்கிய வண்டி, 2009 மே மாதம் ட்ராய் என்று பெயரிட்ட இடத்தில் மேலோட்டை உடைத்துக்கொண்டு கீழேயிருந்த மென்மணலில் இறங்கியது. வலது முன்சக்கரம் 2006-லேயே செயலிழந்திருந்தது. பூமியில் மணல்பெட்டி வைத்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள், வெளியே எடுக்க முடியவில்லை. 2010 மார்ச்சில் அதன் குரல் நின்றது. அதன் உடன்பிறப்பான ஆப்பர்ச்சூனிட்டியும் 2005 ஏப்ரலில் ஒரு மணல்மேட்டில் மாட்டி, ஐந்து வாரம் போல அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கித்தான் வெளியே வந்தது. உலகத்திலேயே தேர்ந்த பொறியாளர்கள் செய்த வண்டிகள் இவை. மண் அவர்களையும் விடவில்லை. அதனால் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். சரியான இடத்தில் முட்டியிருக்கிறீர்கள்.

சரி, சக்கரத்துக்கு வருவோம். ரப்பர் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளம்பிங் கடையில் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் கிடைக்கும், நம் ஊரில் நாலு இஞ்சுப் பைப் என்று கேட்பது. அதில் 6 செ.மீ. அகலத்துக்கு ஆறு வளையம் அறுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஆறு சக்கரமாக மாற்றப் போகிறோம், காரணம் பின்னால் வரும். உங்கள் பழைய சக்கரம் மணலைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட 4 சதுர செ.மீ., அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிராம் பாரம். புதிய சக்கரம் லேசாக அமிழ்ந்து உட்காரும்போது 18 சதுர செ.மீ. தொடும். ஆறு சக்கர வண்டி 2.4 கிலோ என்று வைத்தால் சக்கரத்துக்கு அதே 0.4 கிலோதான், ஆனால் பாரம் சதுர செ.மீ.க்கு 22 கிராமாகக் குறைந்துவிடும். அகலத்தை மட்டும் கூட்டினால் போதாதா என்று ஒரு பையன் கேட்டான். போதாது. அகலமான சின்னச் சக்கரம் மணலை மண்வெட்டி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அதே பரப்பை விட்டத்தைக் கூட்டிப் பெற்றால் முன்னால் குவியும் மணல் குறையும்.

அப்புறம் பல். வயலில் தொழி அடிக்கிற டிராக்டருக்கு ஏன் கேஜ் வீல் மாட்டுகிறார்கள்? ரப்பர் டயர் சேற்றின் மேல்தோலோடு வழுக்கும். இரும்புப் பட்டை உள்ளே இறங்கி, அங்கே இருக்கிற கெட்டியான மண்ணைப் பிடித்துத் தள்ளும். ரோவர் சக்கரத்தின் பல்லும் அதே வேலைதான் செய்கிறது. 6 மி.மீ. உயரத்தில் பி.வி.சி. பட்டைகளை, ஒரு சக்கரத்துக்கு 24 வீதம், 15 பாகைக்கு ஒன்றாக ஒட்டுங்கள். ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், ஒரு பல் மண்ணைவிட்டு வெளியே வருவதற்குள் அடுத்தது முன்னால் இறங்கியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் நடுவில் சக்கரத்தின் வழவழப்பான முகம் மணலைத் தள்ள ஆரம்பித்துவிடும், வண்டி விட்டுவிட்டு இழுக்கும்.

இனி உடம்பு. நான்கு சக்கரத்தை ஒரு பலகையில் இறுக்கினால், மேடுபள்ளத்தில் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நாலு கால் ஸ்டூல் சாணித் தரையில் ஆடுவதும் முக்காலி ஆடாமல் நிற்பதும் இதனால்தான். அந்தரத்தில் நிற்கிற சக்கரத்தின் பங்கு பாரம் மற்றவற்றின் மேல் போய் விழும், பாரம் கூடிய சக்கரம் புதையும். இதற்கு மருந்துதான் ராக்கர்-போகி அமைப்பு. 1997-ல் செவ்வாயில் ஓடிய சோஜர்னரிலிருந்து நம் சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் வரை, ஆறு சக்கர வண்டிகளில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் கிடையாது. வெறும் நெம்புகோல்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் மனதில் வரைந்துகொள்ளுங்கள். நடுச்சக்கரமும் பின்சக்கரமும் ஒரு சின்னக் கையின் இரண்டு முனையில். அது போகி. போகியின் நடுவில் ஒரு சுழல்முனை, அது பெரிய கையின் பின்முனையில் மாட்டியிருக்கிறது. அந்தப் பெரிய கைதான் ராக்கர், அதன் முன்முனையில் முன்சக்கரம். ராக்கர் உடம்போடு சேரும் இடம் எங்கே வர வேண்டும்? காவடி தூக்குகிறவர் ஒரு பக்கம் ஒரு குடம், மறுபக்கம் இரண்டு குடம் என்றால் தோளை எங்கே கொடுப்பார்? இரண்டு குடத்துக்குப் பக்கத்தில். இங்கேயும் அதே கணக்கு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரத்தின் சுமை. ஆகவே முன்பக்க நீளம் இரண்டு பங்கு, பின்பக்க நீளம் ஒரு பங்கு. சக்கரங்களை 16 செ.மீ. இடைவெளியில் வைத்தால், முன்சக்கரத்திலிருந்து 16 செ.மீ.யில் உடம்பின் சுழல்முனை, அங்கிருந்து 8 செ.மீ.யில் போகியின் சுழல்முனை. உடம்பின் சுழல்முனை சரியாக நடுச்சக்கரத்துக்கு நேர் மேலே வந்துவிடும். வண்டியின் ஈர்ப்பு மையமும் அந்தக் கோட்டிலேயே இருக்கும்படி பேட்டரியை வைத்தால் ஆறு சக்கரமும் சமமாகச் சுமக்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் சமையலறைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். மற்ற ஐந்துக்கும் அடியில் அதே உயரத்தில் பலகை கொடுக்க மறக்க வேண்டாம். எல்லாம் 400 கிராமுக்கு 20 கிராம் முன்பின்னாக வந்தால் நல்ல வேலை.

இங்கே நாங்கள் ஒரு தப்பு செய்தோம். இடது ராக்கரில் துளையைக் கண்ணளவில் போட்டோம், வலதை விட ஒன்றரை செ.மீ. முன்னால் போய்விட்டது. தரையில் ஒன்றும் தெரியவில்லை. மணலில் இறக்கினால் வண்டி ஒவ்வொரு முறையும் இடப்பக்கமாகவே சாய்ந்து போனது. மோட்டாரை மாற்றினோம், புரோகிராமை மாற்றினோம், இரண்டு வாரம் போனது. கடைசியில் தராசு வைத்தபோதுதான் தெரிந்தது. இரண்டு ராக்கரையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, சேர்த்தே துளையிடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. இரண்டு ராக்கரும் உடம்பில் சுழலும் என்றால், உடம்பு முன்னாலோ பின்னாலோ குப்புற விழாதா? விழும். அதைத் தடுக்கத்தான் டிஃபரென்ஷியல். மாட்டுவண்டியின் நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். இடது மாடு ஒரு சாண் முந்தினால் நுகத்தடி அந்தப் பக்கம் திரும்பும், ஆனால் நடுவில் கட்டியிருக்கும் ஏர்க்கால் அரைச் சாண்தான் முன்னே போகும். உடம்பின் மேல் குறுக்காக ஒரு பட்டையை நடுவில் ஒரே போல்ட்டில் சுழலவிட்டு, அதன் இரண்டு முனையிலிருந்தும் சின்னக் கம்பியால் இரண்டு ராக்கரையும் இணையுங்கள். இடது சக்கரங்கள் 10 பாகை ஏறினால் உடம்பு 5 பாகைதான் சாயும். மேலே இருக்கிற கேமராவுக்கு அந்தப் பாதி பெரிய நிம்மதி. கம்பியின் முனைகளில் எல்லாப் பக்கமும் அசையும் பந்து மூட்டு தேவை. பொம்மைக் கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும்.

கவிழ்வது பற்றி ஒரு கணக்கு போதும். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 30 செ.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 12 செ.மீ. என்றால், 15-ஐ 12-ஆல் வகுத்து வரும் டான் மதிப்புக்கு 51 பாகை. அதுவரை பக்கவாட்டில் சாய்ந்தாலும் கவிழாது. அழகுக்காக பேட்டரியை மேலே தூக்கி வைத்து மையம் 20 செ.மீ.க்குப் போனால் 37 பாகையில் மல்லாந்துவிடும்.

இப்போது மோட்டார். 20 பாகைச் சரிவு ஏற வேண்டும் என்று வைப்போம். உலர்ந்த மணலில் அதுவே பெரிய காரியம். 2.4 கிலோவைச் சரிவில் மேலே இழுக்க 0.82 கிலோ விசை. மணலின் எதிர்ப்புக்கு, நாங்கள் ஸ்பிரிங் தராசு கட்டி இழுத்துப் பார்த்த அளவில், சரிவில் மணலை அழுத்தும் 2.25 கிலோ பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.45. கூட்டினால் 1.27 கிலோ. ஆரம் 5.5 செ.மீ.யால் பெருக்கி ஆறால் வகுத்தால் சக்கரத்துக்கு 1.2 கிலோ-செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கல் ஏறும்போது சில சக்கரங்களே வேலை செய்யும், அதனால் இரண்டு மடங்கு. மோட்டார் நின்றுபோகும் டார்க்கில் பாதிக்கு மேல் அதை வேலை வாங்கக் கூடாது, அதனால் மறுபடி இரண்டு மடங்கு. ஆக 5 கிலோ-செ.மீ. 12 வோல்ட், 10 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 10 சுற்று) கியர் மோட்டார் வாங்கினால் இது தாராளமாகக் கிடைக்கும். வேகம் விநாடிக்கு 6 செ.மீ.க்கும் குறைவாக இருக்கும். மெதுவாக இருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். 26 கிலோ பிரக்யான் ஓடியதே விநாடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில்தான், அதன் சூரியத் தகடு தந்தது 50 வாட். 2023 ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் அகலக் குழி ஒன்று 3 மீட்டர் முன்னால் தெரிந்து, கட்டளை கொடுத்து வேறு வழியில் திருப்ப முடிந்ததற்கு அந்த நிதானமும் ஒரு காரணம். உங்கள் 200 ஆர்.பி.எம். மோட்டார் விநாடிக்கு 68 செ.மீ. ஓடப் பார்த்தது. மணலில் அது தோண்டுகிற வேகம்.

மின்சாரப் பக்கம் உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். இடது மூன்று மோட்டார் ஒரு சேனல், வலது மூன்று ஒரு சேனல். மோட்டாரை ஓட்டும் எல்298என் போர்டு 2 வோல்ட் போலத் தானே தின்றுவிடும், அதற்குப் பதில் மாஸ்ஃபெட் டிரைவர் வாங்குங்கள். மூன்று 18650 லித்தியம் செல்லை வரிசையில் போட்டு, பாதுகாப்பு போர்டும் ஃபியூஸும் கட்டாயம் வையுங்கள். மோட்டார் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் தோய்த்த கம்பளித் துண்டைச் சுற்றினால் தேரித்தூள் கியருக்குள் போகாது. நின்ற இடத்தில் திரும்பாதீர்கள். நாசாவின் செவ்வாய் வண்டி கியூரியாசிட்டிக்கு நான்கு மூலைச் சக்கரத்திலும் திருப்புவதற்குத் தனி மோட்டார் உண்டு, உங்களுக்கு இல்லை. ஒரு பக்கத்தை மெதுவாக்கி அகலமாக வளைந்து போங்கள்.

நிலவு பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எடை ஆறில் ஒரு பங்காகக் குறையும், உண்மை. பிரக்யானின் 26 கிலோ அங்கே நம் ஊரில் 4.3 கிலோ சாமான் அழுத்துகிற அளவுக்குத்தான் அழுத்தும். ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். வண்டியைச் சரிவில் கீழே இழுக்கும் விசை எடையைப் பொறுத்தது. மணல் தருகிற தள்ளுவிசையும் எடையைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் ஆறில் ஒன்றாகக் குறைந்தால் விகிதம் அப்படியே இருக்கும். கவிழும் கோணமும் மாறாது, அது வெறும் நீள அகலக் கணக்கு. மோட்டார் சிறியதாக இருக்கலாம், அந்த லாபம் மட்டும் உண்டு.

லேசான வண்டி அவ்வளவு புதையாதே என்று கேட்பீர்கள். அங்கேதான் நுணுக்கம். மணல் ஏன் பாரத்தைத் தாங்குகிறது? கீழே இருக்கிற துகளை மேலே இருக்கிற துகள்கள் அமுக்கிப் பிடித்திருப்பதால். நிலவில் அந்தத் துகள்களின் எடையும் ஆறில் ஒன்றுதான், பிடியும் அந்த அளவுக்குத் தளரும். வண்டியும் லேசு, மண்ணும் லேசு. கியூரியாசிட்டி 899 கிலோ. அதன் செவ்வாய் எடைக்குச் சமமாக இங்கே அழுத்தும்படி, எட்டில் மூன்று பங்கு நிறையில் ஸ்கேர்குரோ என்ற வண்டியைச் செய்து பாலைவன மணலில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதில் சக்கரத்தின் பாரம் சரியாக வரும். மணலின் எடை மட்டும் பூமியின் எடையாகவே இருக்கும்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். உத்தரத்தில் ஒரு கப்பி மாட்டி, வண்டியின் ஈர்ப்பு மையத்தில் கயிறு கட்டி, மறுமுனையில் 2 கிலோ படிக்கல் தொங்கவிடுங்கள். 2.4 கிலோ வண்டி 0.4 கிலோவாக அழுத்தும், சரியாக ஆறில் ஒரு பங்கு. வண்டி குதூகலமாக ஓடும். ஆனால் மணல் இன்னும் நம் ஊர் மணல்தான் என்பதை அறிக்கையில் மறக்காமல் எழுதுங்கள். தேர்வாளர் கேட்பதற்கு முன் நீங்களே சொன்னால் நன்றாக இருக்கும்.

மணலையும் இரண்டு வகையாக வைத்துச் சோதியுங்கள். தேரி மணலின் சிவப்புக்கும் செவ்வாயின் சிவப்புக்கும் காரணம் இரும்பு ஆக்சைடு. இரண்டும் காற்று உருட்டிய மணலும் கூட, துகள் முனை மழுங்கியிருக்கும். நிலவில் காற்றும் இல்லை, நீரும் இல்லை, அதனால் துகள் உடைந்த கண்ணாடி மாதிரி முனையோடு இருக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். விண்வெளி வீரர்களின் காலடி அங்கே அச்சு மாதிரி நின்றதற்கு அதுவே காரணம். இஸ்ரோ நிலவு மண்ணுக்குப் பதிலாக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்து அனார்த்தசைட் என்கிற பாறையை அரைத்துப் பயன்படுத்தியது. உங்களுக்கு அது கிடைக்காது. துகள் வடிவம் மட்டும் போதும் என்றால் கிரஷரில் விழும் பாறைத்தூள் நல்ல மாற்று. மூக்கில் துணி கட்டிக்கொண்டு கையாளுங்கள்.

சோதனைக்கு ஒரு மீட்டர் நீளப் பலகைப் பெட்டியில் பத்து செ.மீ. ஆழத்துக்கு மணல் நிரப்பி, ஒரு முனையை 26 செ.மீ. தூக்கினால் 15 பாகை, 34 செ.மீ. தூக்கினால் 20 பாகை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மணலைக் கிளறி மட்டம் செய்யுங்கள். சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றை எண்ணுங்கள். பெட்டியில் இரண்டு சுற்றுக்கு மேல் இடம் இருக்காது. வெளியே தேரியில் பத்துச் சுற்று எண்ணலாம். பத்துச் சுற்றுக்கு 3.46 மீட்டர் போக வேண்டும், 2.6 மீட்டர்தான் போனது என்றால் வழுக்கல் 25 சதவீதம். கியூரியாசிட்டியின் சக்கரத்தில் மோர்ஸ் குறியில், அதாவது புள்ளியும் கோடுமாக, ஓட்டைகள் இருப்பதும் சுவட்டைப் பார்த்து இதே கணக்கைப் போடத்தான். சரிவுக்கு எதிராக வழுக்கலை வரைபடமாகப் போடுங்கள். ஓரிடத்தில் கோடு சட்டென்று மேலே எழும். உங்கள் வண்டி எதுவரை போகலாம் என்பதற்கு அதுதான் எல்லை.

நீங்கள் இருக்கும் பணகுடிக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில், 2023 பிப்ரவரி 24 அன்று, சந்திரயான்-3-ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் எஞ்சினை, 25 விநாடி எரித்துப் பார்த்தார்கள். பறப்பதற்கு முன் தரையில் பார்க்கிற சோதனை எவ்வளவு பெரியது என்று உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேரிக்குப் போகும்போது ஒரே நாளில் இரண்டு முறை ஓட்டுங்கள், காலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும். எங்கள் வண்டி காலையில் ஏறிய அதே மேட்டில் பதினொரு மணிக்குப் பாதியிலேயே நின்றது. இரவுப் பனியின் ஈரம் துகள்களை ஒட்டவைத்திருந்தது, வெயில் ஏற அது போய்விட்டது. ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் மணல் பறந்து கியருக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகும், அளவுநாடா கூட நேரே நிற்காது. வைகாசி முடிவதற்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். தராசில் ஆறு சக்கரத்தின் எடையும் என்ன வந்தது என்று மட்டும் எனக்கு முதலில் எழுதுங்கள், மீதியை அதை வைத்துப் பேசலாம்.